ஜப்பான்காரர் எடுத்த ராமாயணம்: எந்த டிவிடியை வாங்குவது?

இந்தத் தடவை ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். கல்வெட்டு, ஏரி, பழைய சத்திரம் என்று எழுதிக்கொண்டிருந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நம் வாசக நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இது ராமாயணக் கார்ட்டூன். ஜப்பான்காரர்கள் வரைந்தது, நம்மவர்கள் குரல் கொடுத்து இசையமைத்தது. எடுத்து முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் நம் நாட்டுத் தியேட்டர்களில் சரியாக ஓடாமலே கிடந்தது. அதை டிவிடியில் வாங்கலாம் என்று இறங்கினால், ஒரு படம் மூன்று உருவத்தில் உலவுகிறது. எதை வாங்குவது என்று தீர்மானிக்க எனக்கு இருபது நாள் பிடித்தது.

இருபது நாள் யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றால், காரணம் என் பேத்தி. ஒன்பது வயது. மகளோடும் மருமகனோடும் நியூஜெர்சியில் இருக்கிறாள். தமிழ் காதில் விழும், வாயில் வராது. இங்கே என் மனைவிக்கோ இங்கிலீஷ் படம் பின்தொடர வராது. திரைக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக் கண்ணும் இடம் கொடுப்பதில்லை. போன தடவை வந்தபோது ஆயாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு வாரத்தை ஓட்டினார்கள். பாசத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். இந்த ஆனி மாதம் மூன்று வாரம் தங்க வருகிறார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு பொதுக்கதை வேண்டும் என்று நினைத்தேன். பேத்தி ஜப்பான் கார்ட்டூன் என்றால் உயிரை விடுகிறாள். என் மனைவி ராமாயணம் என்றால் உயிரை விடுவாள். இரண்டும் ஒன்றாக இருக்கும் படம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

ஜப்பான் கார்ட்டூன் நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. பேர்தான் தெரியாமல் பார்த்தோம். 1993-ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஜங்கிள் புக்' வந்ததே, மோக்லி பையனின் கதை, அது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் கம்பெனி 1989-ல் எடுத்த 52 வாரத் தொடர். இந்தியில் பேச வைத்துப் போட்டார்கள். குல்சார் பாட்டு எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஷேர்கான் புலிக்கு நானா படேகர் குரல். நம் தெருப் பிள்ளைகளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்தப் பாட்டை முணுமுணுக்காத பிள்ளை கிடையாது. அப்புறம் ஷின்சானும் டோரேமானும் தமிழே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது அடுத்த தலைமுறைக் கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யூகோ சாகோ என்று ஒரு ஜப்பானியர். ஆவணப்படம் எடுப்பவர். 1983-ல் நம் நாட்டுக்கு வந்தார். தொல்லியல் அறிஞர் பி.பி. லால் அலகாபாத் பக்கம் தோண்டிக்கொண்டிருந்ததைப் படம் பிடிக்கும் வேலை. லால், ராமாயணத்தில் பேர் வருகிற ஊர்களாகத் தேடித் தோண்டியவர். அவர் தோண்டிய இடங்களில் ஒன்று கங்கைக்கரைச் சிருங்கவேரபுரம். நமக்கு அது குகன் ஊர். அந்த ஆவணப்பட வேலையில்தான் சாகோவுக்கு ராமாயணக் கதை பழக்கமானது. ஆசை விடவில்லை. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களாகப் பத்து வெவ்வேறு பதிப்புகளைத் தேடிப் படித்தாராம். எந்த ராமாயணம் என்று குழம்புகிற முதல் ஆள் நான் இல்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஜப்பானுக்கு ராமாயணம் அதற்கு முன் அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. நம் சரஸ்வதி அங்கே பென்ஸைத்தென் என்ற பேரில் கையில் வீணை மாதிரி ஒரு வாத்தியத்தோடு கோயில் கொண்டிருக்கிறாள். 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஹோபுட்சுஷு என்ற பௌத்தக் கதை நூலில் ராமன் கதையின் சாயலில் ஒரு கதை உண்டு. ராஜா ஒருவர் நாட்டை விட்டுக் காட்டுக்குப் போகிறார். ராணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். குரங்குகள் துணைக்கு வருகின்றன. பௌத்தத்தோடு கப்பலேறிப் போன கதை.

சாகோவின் எண்ணம் ஒன்றே ஒன்று. ராமன் தெய்வம், அவனை ஒரு நடிகர் நடித்துக் காட்டுவதைவிட வரைந்து காட்டுவதே பொருத்தம். எனக்கு இதில் முழு உடன்பாடு. நடிகர் என்றால் நாளைக்கு அவர் வேறு படத்தில் சிகரெட் பிடிப்பார். ஓவியத்துக்கு அந்த வம்பு இல்லை. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் ராமர் பட்டாபிஷேகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய முகம் அது என்று யாராவது கேட்டதுண்டா?

ஆனால் இங்கே அவ்வளவு சுலபமாக விடவில்லை. சாகோ ஆவணப்படம் எடுப்பதைப் பத்திரிகை ஒன்று தவறாகப் புரிந்துகொண்டு, அவர் ராமாயணத்தையே படமாக எடுக்கிறார் என்று செய்தி போட்டுவிட்டது. விசுவ ஹிந்து பரிஷத்திலிருந்து டெல்லி ஜப்பான் தூதரகத்துக்கு ஆட்சேபக் கடிதம் போனது. வெளிநாட்டுக்காரர் இஷ்டத்துக்கு ராமாயணத்தை எடுப்பதா என்று. சாகோ நேரில் போய் அவர்களோடு பேசித் தன் நோக்கத்தை விளக்கினார். அடுத்த தடை அரசாங்கம். 1952-ல் தொடங்கிய இந்திய–ஜப்பான் தூதரக உறவின் நாற்பதாம் ஆண்டுக்கு இரு நாடும் சேர்ந்து எடுக்கலாம் என்ற யோசனை தேறவில்லை. ராமாயணத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்ற தயக்கம் ஒரு பக்கம். அயோத்திப் பிரச்சினை சூடேறிக்கொண்டிருந்த காலம் அது என்பது மறுபக்கம். கடைசியில் ஜப்பானிலேயே தனிக் கம்பெனி தொடங்கி, 1990-ல் வேலையை ஆரம்பித்தார்.

தனியாகச் செய்யவில்லை. இயக்குநர் பேரில் மூன்று பேர்: யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, நம் ராம் மோகன். ராம் மோகனை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வேதியியல் படித்தவர், அதை விட்டுவிட்டு 1956-ல் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே டிஸ்னி கம்பெனியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் என்பவர் நம்மவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். தியேட்டரில் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடுமே, அந்தப் பிலிம்ஸ் டிவிஷன்தான். யுனிசெப் எடுத்த 'மீனா' என்ற சிறுமி கார்ட்டூனும் அவர் கைவண்ணமே. 2014-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2019-ல் காலமானார்.

ராம் மோகனும் அவரோடு சேர்ந்த இந்தியர்களும் என்ன செய்தார்கள் என்றால், ஜப்பான் ஓவியர்களுக்கு நம் பழக்கவழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர் காலில் எப்படி விழுவது, கை கூப்புவது எப்படி, அரண்மனைத் தூண் எப்படி இருக்கும், என்ன மரம், என்ன பூ. ஜப்பானியர் இடுப்பை வளைத்து வணங்குவார்கள். நாம் வளைவதில்லை, கூப்புகிறோம். இந்த ஒன்று தப்பிப் போனாலும் தசரதன் சபை டோக்கியோ ஆபீஸ் மாதிரி ஆகிவிடும் அல்லவா? சுமார் 450 ஓவியர்கள், ஒரு லட்சம் செல்கள். செல் என்றால் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள். அதன் மேல் உருவத்தைக் கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, பின்னணிச் சித்திரத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முந்தின வேலை.

இசை வன்ராஜ் பாட்டியா. தூர்தர்ஷனில் 'பாரத் ஏக் கோஜ்' தொடருக்கு 1988-ல் இசையமைத்தாரே, அவர்தான். பாட்டுகளை வசந்த் தேவ் சமஸ்கிருதத்தில் எழுதினார். பேச்சு இங்கிலீஷ். நம் நாட்டு நாடக நடிகர்களே பேசினார்கள். ராமனுக்கு நிகில் கபூர். அதாவது மூலப் பதிப்பு என்பது இங்கிலீஷ் பேச்சு, சமஸ்கிருதப் பாட்டு, 135 நிமிடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படம் வெளியே வந்த நேரம்தான் பொல்லாத நேரம். 1992 டிசம்பரில் அயோத்தியில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே, 1993 ஜனவரியில், டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படத்தைத் திரையிட்டார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் ஊர் ஊராகத் தியேட்டரில் ஓடவில்லை. நம் ஊர்ப் பக்கம் போஸ்டர்கூட ஒட்டியதாக எனக்கு நினைவில்லை. பிற்பாடு கேபிள் டிவியில் கார்ட்டூன் நெட்வொர்க் அவ்வப்போது, பெரும்பாலும் பண்டிகை சமயத்தில், போட்டது. அப்படிப் பார்த்து வளர்ந்த வடநாட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு நாற்பதைத் தொடுகிறார்கள். அவர்கள்தான் இந்தப் படத்தை மறக்காமல் வைத்திருந்தது. சாகோ 2012-ல் இறந்துபோனார். தன் படம் இந்தியா முழுக்கத் தியேட்டரில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

இனி மூன்று உருவங்கள்.

முதலாவது நான் சொன்ன மூலப் பதிப்பு. இரண்டாவது இந்திப் பதிப்பு. இதில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் அருண் கோவில். ஆமாம், ராமானந்த் சாகரின் ராமாயணத் தொடரில் ராமனாக வந்தவரேதான். ராவணனுக்கு அம்ரிஷ் புரி, கதை சொல்பவர் சத்ருகன் சின்ஹா. பாட்டுகளும் இந்தியிலேயே. மூன்றாவது அமெரிக்கப் பதிப்பு. 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்' என்று பேர் மாற்றி, 2000-ஐ ஒட்டி அங்கே வெளியிட்டார்கள். அமெரிக்கக் குரல்கள், ராமனுக்குப் பிரையன் கிரான்ஸ்டன், கதை சொல்ல ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற பெரிய குரல்காரர். கூடுதல் இசையும் சேர்த்தார்கள். படத்தை வெட்டி ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும்படி சுருக்கிவிட்டார்கள்.

மகள் போனில் சொன்னது மூன்றாவதைத்தான். "அப்பா, இங்க கிடைக்கறதையே நான் எடுத்துட்டு வந்துடறேன். பாப்பாவுக்கு அந்த இங்கிலீஷ்தான் சட்டுனு புரியும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல எல்லாம் உக்கார மாட்டா." மருமகன் அதற்கு மேல் ஒரு படி போய், டிவிடியே எதற்கு மாமா, நெட்டில் இருக்கிறது என்றார். தேரடித் தெருவிலும் சன்னதித் தெருவிலும் கேசட், சிடி விற்ற கடைகள் இப்போது செல்போன் உறை விற்கின்றன. கிரிவலப் பாட்டுகூட சின்னப் பெட்டிக்குள் அடைத்துத்தான் வருகிறது. அந்த வகையில் மருமகன் சொல்வது நியாயம். ஆனால் நெட்டில் கிடைப்பதில் எந்தப் பதிப்பின் படத்தோடு எந்தப் பதிப்பின் குரலை யார் ஒட்டினார்கள் என்று ஒரு விவரமும் இருக்காது. டிவிடி என்றால் உறையின் பின்பக்கம் ஒன்றாவது எழுதியிருக்கும். எனக்கு அந்தப் பின்பக்கம் வேண்டும். அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பழக்கம்.

அந்தப் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று நம் வாசகர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். பழைய டிவிடி பக்திப் படம், நாடகம், கச்சேரி எது வாங்கினாலும் பயன்படும்.

நிமிடக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 135 நிமிடப் படம் ஒரு டிவிடியில் 130 நிமிடம் என்று போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். சினிமா விநாடிக்கு 24 படம் ஓடும். நம் நாட்டு டிவி முறை விநாடிக்கு 25. பால் என்பார்கள் அந்த முறையை. 24-ஐ 25 ஆக ஓட்டினால் நூற்றுக்கு நாலு வேகம் கூடும். 135 நிமிடம் 130 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல் ஒரு துளி கீச்சென்று ஏறும், நம் காதுக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேறு முறை. அங்கே இந்தத் தள்ளுபடி கிடையாது. ஆகவே அமெரிக்க டிவிடியில் நிமிடம் குறைந்தால் அது கத்திரியின் வேலைதான்.

அப்புறம் மண்டலப் பூட்டு. டிவிடிக்கு உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, ஜப்பான் 2, இந்தியா 5. மகள் அங்கிருந்து கொண்டுவரும் டிவிடி இங்கே பிளேயரில் ஓடாமல் போகலாம். நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பல எல்லாப் பூட்டையும் திறந்துவிடும் என்றாலும், எல்லாம் அப்படி இல்லை. மொழி எத்தனை என்பதையும் பாருங்கள். ஒரு டிவிடியில் எட்டு மொழிவரை பேச்சையும், 32 மொழிவரை எழுத்தையும் அடைக்க இடம் உண்டு. இடம் உண்டு என்பதற்காகப் போட்டிருப்பார்கள் என்று நம்பக்கூடாது. விசிடி என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்; ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும், படமும் மங்கல். 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியபோது நாம் எல்லாம் ஆறு ரூபாய் மிச்சம் பிடிக்க விசிடியாக வாங்கிக் குவித்தோமே, நினைவிருக்கிறதா?

வெட்டிய பதிப்பில் என்ன கெட்டுப்போயிற்று என்று மகள் கேட்டாள். சுருக்குவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ராஜாஜி 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதினார். 'கல்கி'யில் வாராவாரம் வந்தது, 1958-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அதுவும் சுருக்கம்தான். ஆனால் ராஜாஜி உட்கார்ந்து, தன் வார்த்தையில், எதைச் சொல்கிறோம் எதை விடுகிறோம் என்று தெரிந்து எழுதினார். இங்கே வால்மீகி இப்படிச் சொல்கிறார், கம்பர் அப்படிச் சொல்கிறார் என்று வாசகனுக்குக் காட்டிக்கொடுத்தார். பிலிமை வெட்டுவது அப்படி இல்லை. விநாடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 1440 படம். முப்பத்தைந்து நிமிடத்தை எடுத்தால் 50,400 படம் போயிற்று. யாரோ ஒரு ஜப்பானிய ஓவியர் வேட்டி மடிப்பைக் கற்றுக்கொண்டு கையால் வரைந்தது அது. வெட்டிய இடத்தைச் சமாளிக்க ஒரு கதைசொல்லி வந்து ரெண்டு வரி பேசுகிறார். மறைந்தது என்ன என்று பார்க்கிற பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

இந்திப் பதிப்பில் எனக்கு ஆசை இருந்ததை மறைக்கவில்லை. அருண் கோவில் குரல் என்றதும் 1987 கண்ணில் வந்து நின்றது. அப்போது நம் ஊர் வட ஆற்காடு மாவட்டம். தனி மாவட்டம் ஆனது 1989-ல். தெருவுக்கு நாலு டிவி. ஞாயிறு காலை ராமாயணம் என்றால் எங்கள் கூடத்தில் நாற்பது பேர், செருப்பு வாசலைத் தாண்டித் தெருவில் கிடக்கும். 78 வாரம். ஆண்டெனாவைத் திருப்ப மாடியில் ஒரு பையன் நிரந்தரமாக நிற்பான். இந்தி யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் இந்தி பிரசார சபாவில் ராஷ்டிரபாஷாவரை படித்தவர். அவர் முன்னால் உட்கார்ந்து, அங்கே ஒரு வரி ஓட இங்கே ஒரு வரி சொல்வார். பாதி வசனத்தை அவர் இட்டுக்கட்டினார் என்று எங்களுக்கு அப்போதே சந்தேகம். ஆனால் கைகேயி வரம் கேட்ட அன்றைக்கு அவர் குரல் கம்மிப்போனது; கூடத்தில் அழாதவர் இல்லை.

அதை நினைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. புரியாத மொழி ஒரு தடையே இல்லை, பக்கத்தில் சொல்ல ஆள் இருந்தால்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். ராத்திரி அதே கட்டம் கூத்தாக வரும். பாட்டு புரியாத பாட்டிக்கும் கூத்து புரியும், காரணம் மத்தியானமே கதை காதில் ஏறியிருக்கும். பேசாத படக் காலத்தில் நம் தியேட்டர்களில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லிக்கொண்டே போவார் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பானில் அதே வேலைக்குப் பென்ஷி என்று பேர். அங்கே பென்ஷிக்குப் படத்து நடிகரைவிட மவுசு. இன்னார் சொல்கிறார் என்றுதான் கூட்டம் போகும். பேசும் படம் வந்தபோது வேலை போய்விடும் என்று பென்ஷிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆக, படம் ஒரு பக்கம் ஓட, பக்கத்தில் ஒருவர் கதை சொல்வது ஜப்பானுக்கும் நமக்கும் பொதுவான பழக்கம்.

எங்கள் வீட்டுப் பென்ஷி என் மனைவி. அவளிடம் கேட்டேன். "அது பாட்டுக்கு எந்த மொழியில வேணா ஓடட்டும். படம் தெரியுதில்ல? நான் சொல்றேன் கொழந்தைக்கு. ஆனா நடுவுல நிறுத்தி நிறுத்திப் போடணும், சொல்லிட்டேன்" என்றாள். நிறுத்திப் போடத்தானே டிவிடி பிளேயரும் ரிமோட்டும்.

ஆகவே மூலப் பதிப்பு. பேத்திக்கு இங்கிலீஷ் பேச்சு தானாகப் புரியும். அமெரிக்க உச்சரிப்பு இல்லை, நம் நாட்டு இங்கிலீஷ்; தாத்தா மாதிரி பேசுகிறார்களே என்று சிரிப்பாள், சிரிக்கட்டும். ஆயாவுக்கு வசனம் தேவையில்லை. சமஸ்கிருதப் பாட்டு வருகிற இடத்தில் இருவருக்கும் புரியாது; அது ஒருவிதத்தில் சமம். படம் வால்மீகி வழியில் போவது. நம் கம்பர் வழியில் ராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போவான். அந்த இடம் வந்ததும் என் மனைவி ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டு, "நம்ம கம்பர் அப்படிச் சொல்லல கண்ணு" என்று தொடங்குவாள். அது எனக்கு இப்போதே காதில் கேட்கிறது. பேத்தி பதிலுக்கு என்ன கேட்பாள், எந்த மொழியில் கேட்பாள் என்பதுதான் தெரியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2025 ஜனவரி 24 அன்று இந்தப் படத்தை 4கே என்கிற துல்லியத்தில் சுத்தம் செய்து இந்தியா முழுக்கத் தியேட்டரில் வெளியிட்டார்கள். இங்கிலீஷ், இந்தியோடு தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. 32 வருஷம் கழித்து ராமன் தமிழ் பேசினான். நான் அந்தச் சமயம் ஊரை விட்டு நகரவில்லை, பார்க்க வாய்க்கவில்லை. அந்தத் தமிழ்ப் பேச்சோடு நல்ல தட்டு ஒன்று கையில் கிடைத்தால் அதையும் வாங்குவேன். அப்போதும் இந்த இங்கிலீஷ் தட்டைத் தூக்கிப் போட மாட்டேன். வீட்டில் வை.மு.கோ. உரை இருக்கிறது என்பதற்காக ராஜாஜியை யாராவது பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்களா?

டிவிடி போன வாரம் தபாலில் வந்தது. உறை கொஞ்சம் கசங்கல், தட்டில் கீறல் இல்லை. என் மனைவி பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓடவிட்டேன். இரண்டு மணி பத்து நிமிடம். கணக்கு சரி, வெட்டு இல்லை. அவள் திரும்பி வந்து விபூதியைக் கொடுத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "குகன் வர்றானா?"

சொல்லவில்லை. பேத்தியோடு உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள் என்று சொல்லிவிட்டேன்.